பழைய குவாட் பைக்கின் கியருக்கு எந்த ஒயில்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் ஓடும் குவாட் பைக்குகளில் (மணலிலும் வயலிலும் ஓடும் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில்) நான் கை வைப்பவை பெரும்பாலும் பழையவை. இரண்டு மூன்று கை மாறியவை, கையேடு தொலைந்தவை, முன்பு வைத்திருந்தவர் என்ன ஒயில் ஊற்றினார் என்று எவருக்கும் தெரியாதவை. நிலாவெளியில் விடுதி நடத்துபவரும் தம்பலகாமத்தில் வயல் செய்பவரும் கேட்பது ஒன்றைத்தான்: "கியருக்கு எந்த ஒயில் நல்லது?" ஒரு போத்தலின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தர முடியாது. வண்டிக்குள் ஒயில் இருக்கும் அறைகள் எத்தனை, அவற்றில் எந்த அறைக்குள் கிளச் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் கடையில் நின்று தடுமாற வேண்டியதில்லை.

என் வண்டியில் கியர் ஒயில் ஊற்றும் வாயையே காணவில்லை. எங்கே தேடுவது?

அப்படி ஒரு வாய் உங்கள் வண்டியில் இல்லாமலே இருக்கலாம். ஜப்பானில் வடிவமைத்த நான்கு ஸ்ட்ரோக் குவாட்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஒரே ஒயில்தான். 1988 முதல் 2000 வரை வந்த ஹொண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிஸ்டன், கியர்கள், இரண்டு கிளச்சுகள் எல்லாம் ஒரே ஒயிலில் நனைகின்றன. ஆனால் பின் அச்சின் நடுவே இருக்கும் கியர்கூடு வேறு அறை. நான்கு சக்கரமும் இழுக்கும் வகையாக இருந்தால் முன்பக்க டிஃபரென்ஷியல் (இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் கியர்கூடு) மூன்றாவது அறை. மூன்று அறைகள், இரண்டு வகை ஒயில்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் அமைப்பு வேறு. யமஹா பான்ஷி, பிளாஸ்டர் ஆகியவற்றில் எஞ்சினுக்கான ஒயில் பெற்றோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது. கியர்பெட்டிக்குத் தனி ஒயில் உண்டு, அந்த ஒயிலுக்குள்தான் கிளச்சும் இருக்கிறது. "நான் பெற்றோலில்தான் ஒயில் கலக்கிறேனே" என்று எண்ணி, கியர்பெட்டி ஒயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டவர்கள் இங்கே நிறையப் பேர்.

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மன் 500 போன்றவற்றில் பெல்ட் ஓட்டம். எஞ்சின் ஒரு பக்கம், கியர்பெட்டி இன்னொரு பக்கம், இரண்டுக்கும் இடையே காய்ந்த பெல்ட். அந்தக் கியர்பெட்டி ஒயிலில் கிளச் இல்லை. அதற்கென்று சொல்லப்பட்ட கியர் ஒயிலை ஊற்ற வேண்டும். சீனத்து 150 சிசி தானியங்கிக் குவாட்களிலும் எஞ்சின் ஒயில் ஒன்று, பின்னால் இருக்கும் சிறிய கியர்கூட்டின் ஒயில் வேறொன்று. அந்தச் சிறிய கூட்டுக்கு மிகக் கொஞ்ச ஒயிலே போகும், அதனாலேயே எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

வண்டிக்கு அடியில் படுத்து, வடிக்கும் போல்ட்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வடிக்கும் போல்ட்டுக்கும் மேலே எங்கோ ஒரு நிரப்பும் வாய் இருக்கும். நிரப்பும் போல்ட் கழலுகிறதா என்று பார்க்காமல் வடிக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டாம். உப்புக்காற்றில் இறுகிப்போன நிரப்பும் போல்ட் தலை மழுங்கிவிட்டால், ஒயில் இல்லாத கூட்டோடு வண்டி அங்கேயே நின்றுவிடும்.

பெல்ட் வண்டிதானே, கிளச் கவலை இல்லாமல் எந்த எஞ்சின் ஒயிலும் ஊற்றலாமா?

கூடாது. யமஹா கோடியாக், கிரிஸ்லி போன்றவற்றில் பெல்ட் இருந்தாலும், எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஒரு நனைந்த கிளச் உண்டு. எஞ்சின் வேகம் ஏற ஏற அது விரிந்து பிடிக்கிறது. அந்தக் கிளச்சுக்கும் மோட்டார் சைக்கிள் ஒயில்தான் தேவை. பெல்ட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கார் ஒயிலுக்கும் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கும் உண்மையில் வேறுபாடு இருக்கிறதா, அல்லது விலையை ஏற்றும் வழியா?

உண்மையான வேறுபாடு இருக்கிறது. காரில் எஞ்சின் ஒயில் கிளச்சைத் தொடுவதில்லை. அதனால் கார் ஒயில் தயாரிப்பவர்கள் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கலாம். கார் எஞ்சினுக்கு அது நன்மை. குவாட்டின் கிளச் பிளேட்டுகளுக்கு உராய்வுதான் உயிர். ஒன்றையொன்று பற்றிப் பிடிக்க வேண்டிய பிளேட்டுகளுக்கு நடுவே வழுக்கும் மருந்து புகுந்தால், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. சமதரையில் தெரியாமல் இருக்கும். மணல்மேட்டில் ஏறும்போது தெரியும்.

இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோ, 1998இல் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று டி 903 என்ற தரத்தை வகுத்தது. அதில் எம்ஏ என்றால் நனைந்த கிளச்சுக்குப் போதிய உராய்வு உள்ள ஒயில். எம்பி என்றால் உராய்வு குறைந்த ஒயில். ஒயிலுக்குள் கிளச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. 2006இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். எம்ஏ2வின் பிடிப்பு இன்னும் கூடியது. பழைய குவாட்டுக்கு இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி: எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2. எம்பி மட்டும் வேண்டாம். போத்தலின் முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் படம் இருந்தால் போதாது, ஸ்கூட்டர் ஒயில் போத்தலிலும் படம் இருக்கும். பின்பக்கத்தில் ஜாசோ கட்டத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கியர்ப் பற்களுக்கு நடுவே சிக்கும் ஒயில் நசுக்கப்படுகிறது. ஒயிலைத் தடிப்பாக வைத்திருக்கும் நீண்ட மூலக்கூறுகள் அந்த நசுக்கலில் அறுந்து, ஒயில் நாளடைவில் மெலிந்துபோகும். எஞ்சினும் கியரும் ஒரே ஒயிலைப் பகிரும் வண்டியில் இது விரைவாக நடக்கிறது. கியர் மாற்றும்போது முன்பில்லாத கடகடப்புக் கேட்கத் தொடங்கினால், அளவுகோலில் ஒயில் நிறைவாகக் காட்டினாலும் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது.

கையேட்டில் ஏபிஐ எஸ்ஈ, எஸ்எஃப், எஸ்ஜி என்று இருக்கிறது. கடையில் அப்படி எதுவும் இல்லையே?

அவை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏபிஐ எஞ்சின் ஒயிலுக்கு வகுத்த பழைய தரங்கள். எஸ்ஈ 1970களுக்குரியது, எஸ்எஃப் 1980களுக்குரியது, எஸ்ஜி 1989இல் வந்தது. பின்னால் வந்த எஸ்ஜே, எஸ்எல், எஸ்என் ஆகியவை தேய்மானத்திலிருந்து காப்பதில் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. பழைய கையேட்டை எழுதியவர்கள் அறியாத ஒன்று, பின்னாளில் கார் ஒயிலில் சேர்ந்த உராய்வுக் குறைப்பு மருந்து. ஆகவே புதிய எழுத்து இருந்தால் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் ஜாசோ எம்ஏவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு 10டபிள்யூ-40ஆ, 20டபிள்யூ-50ஆ?

முதல் எண் குளிரில் ஒயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது. பனி கொட்டும் நாட்டில் அது பெரிய விடயம். மார்கழி விடியலிலும் மேற்சட்டை தேவைப்படாத திருகோணமலையில் 10க்கும் 20க்கும் இடையிலான வேறுபாடு பெரிதல்ல. இரண்டாவது எண்தான் இங்கே முக்கியம். ஒயில் 100 பாகை செல்சியஸில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது.

என் பரிந்துரை: கையேடு 10டபிள்யூ-40 சொன்னால், இறுக்கமான நல்ல எஞ்சினுக்கு அதையே ஊற்றுங்கள். கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கும் மாதங்களில் தளர்ந்த மணலில் மெதுவாக, பாரத்தோடு ஓடும் காற்றுக்குளிர்ச்சி வண்டி என்றால் 20டபிள்யூ-50 நியாயமானது. அந்த ஓட்டத்தில் எஞ்சின் மேல் காற்றுப் படுவதே இல்லை, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தேய்ந்த எஞ்சின் ஒயில் குடிக்கும் வேகத்தையும் 20டபிள்யூ-50 சற்றுக் குறைக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒயில் தடிக்கத் தடிக்க, கிளச் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தயங்கும். காலையில் கியரைப் போட்டவுடன் வண்டி தானாக முன்னே ஊர்ந்தாலோ நியூட்ரல் அகப்படாமல் இழுத்தடித்தாலோ ஒரு படி மெல்லிய ஒயிலுக்குத் திரும்புங்கள். ஆனால் முதலில் கிளச் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பல வேளைகளில் குற்றம் அங்கேதான் இருக்கிறது.

கியருக்குத்தானே கியர் ஒயில்? 90 ஒயிலை ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு இல்லையா?

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கியர் ஒயிலின் எண்களும் எஞ்சின் ஒயிலின் எண்களும் இரண்டு தனித்தனி அளவுகோல்கள். கியர் ஒயிலில் 90 என்பது ஏறக்குறைய எஞ்சின் ஒயிலின் 40, 50 தடிப்புத்தான். கியர் ஒயிலில் 80 என்பது எஞ்சின் ஒயிலின் 20, 30க்கு அருகில் வரும். 90 என்பதற்காக அது இரு மடங்கு தடிப்பானது அல்ல.

வேறுபாடு மருந்தில் இருக்கிறது. ஜிஎல்-5 என்று குறிக்கப்பட்ட ஒயிலில் கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்துகள் அதிகம். பின் அச்சின் கியர்கூட்டில், ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியபடி அழுத்தும் ஹைப்பொயிட் பற்களுக்கு அவை தேவை. அதே மருந்துகள் சூட்டில் பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். கிளச் பிளேட்டுகளுக்கும் ஒத்துவராது. எனவே கிளச் இருக்கும் அறைக்குள் ஜிஎல்-5 போகக் கூடாது. பான்ஷி, பிளாஸ்டர் கியர்பெட்டிகளுக்குக்கூட யமஹா சொன்னது 10டபிள்யூ-30 எஞ்சின் ஒயில்தான், கியர் ஒயில் அல்ல.

பின் அச்சின் கூட்டுக்கு ஹொண்டா ஃபோர்ட்ராக்ஸ் கேட்பது எஸ்ஏஈ 80 ஹைப்பொயிட் கியர் ஒயில் (எஸ்ஏஈ என்பது ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்முறை). இங்கே எளிதாகக் கிடைக்கும் 80டபிள்யூ-90 அந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். சில வண்டிகளுக்கு விதிவிலக்கு உண்டு. கவாசாக்கி பிரெய்ரி 650, 700இல் பின் பிரேக் பிளேட்டுகளே ஒயிலுக்குள் இருக்கின்றன. அங்கே சாதாரணக் கியர் ஒயிலை ஊற்றிவிட்டு, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வருந்த வேண்டாம். அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட ஒயில் கிடைக்காத வரை நிறுத்தி வையுங்கள்.

உழவு இயந்திரத்துக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டீசல் ஒயில் வீட்டில் இருக்கிறது. ஊற்றலாமா?

கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தில் பலர் இதைத்தான் ஊற்றி ஓட்டுகிறார்கள், பல வண்டிகள் ஓடவும் செய்கின்றன. பெரிய டீசல் எஞ்சின் ஒயிலில் உராய்வுக் குறைப்பு மருந்து பொதுவாக இருப்பதில்லை என்பதே காரணம். ஆனால் ஜாசோ எம்ஏ குறியில்லாத கலன் கிளச்சைப் பற்றி உங்களுக்கு எந்த உறுதியும் தரவில்லை. ஒரு குவாட்டுக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று லீற்றர். மிச்சமாகும் பணம் ஒரு செட் கிளச் பிளேட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நான் ஊற்ற மாட்டேன்.

தெரியாமல் கார் ஒயில் ஊற்றிவிட்டேன், கிளச் வழுக்குகிறது. பிளேட் மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். எஞ்சினைச் சூடாக்கி ஒயிலை முழுவதும் வடியுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். எம்ஏ ஒயில் ஊற்றிப் பாரமில்லாமல், கியர்களை மாற்றி மாற்றிக் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். மீண்டும் வடித்துப் புதிய எம்ஏ ஒயில் ஊற்றுங்கள். வழுக்கலோடு அதிக நாள் ஓட்டாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் பிடிப்புத் திரும்பிவிடும். வடித்த ஒயிலில் கருகிய நாற்றம் அடித்தால் பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. அதன் பிறகு எந்த ஒயிலாலும் பயனில்லை.

ஒயில் பால்தேநீர் நிறமாக இருக்கிறது. என்ன நடந்தது?

தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு நான் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் திருகோணமலையில் குவாட் கியர்களைக் கொல்வது தவறான தரத்தைவிடத் தண்ணீர்தான்.

ஓடிச் சூடான கூட்டுக்குள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு வண்டியை அலைக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ இறக்கினால் கூடு சட்டென்று குளிர்கிறது, உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று வெளியே இருப்பதை உறிஞ்சும். கூட்டின் பிரீதர் குழாய் (கூடு மூச்சுவிடும் சிறிய ரப்பர்க் குழாய்) தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை உறிஞ்சும். குழாய் அறுந்தோ அடைபட்டோ இருந்தால் தேய்ந்த சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். பழைய வண்டிகளில் இந்த ரப்பர்க் குழாய்கள் வெடித்துக் கிடப்பது வழமை. ஒயிலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்தக் குழாய்களை மாற்றி, மறுமுனையை ஹாண்டில் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். செலவு குறைந்த வேலை, இதற்கு ஈடான பாதுகாப்பை எந்த விலையுயர்ந்த ஒயிலும் தராது.

சந்தேகம் இருந்தால் வண்டியை இரவு முழுவதும் அசையாமல் விடுங்கள். ஒயிலோடு கலந்துவிடாத தண்ணீர் அடியில் படியும். காலையில் வடிக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீராக இருக்கும். சிறிதளவு ஈரம் என்றால் இன்னொரு வழி: பழைய தகரத் துண்டு ஒன்றை அடுப்பில் சூடாக்கி, சற்றுத் தள்ளி நின்று, அந்த ஒயிலில் ஒரே ஒரு துளியை விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும், இல்லாவிட்டால் அமைதியாகப் புகையும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்ய வேண்டாம்.

நன்னீர் என்றால் வடித்து, மலிவான ஆனால் சரியான வகை ஒயில் ஊற்றி, சில நிமிடங்கள் பாரமில்லாமல் ஓட்டி, மீண்டும் வடியுங்கள். ஒயில் தெளிவாக வரும் வரை இதைச் செய்ய வேண்டும். கடல்நீர் என்றால் அன்றைக்கே செய்ய வேண்டும். உப்பு பேரிங்கின் மேற்பரப்பைக் குழி குழியாக அரித்துவிடும், அதன் பிறகு கியர்கூட்டின் ஊளைச் சத்தம் ஒருபோதும் நிற்காது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஓட்டுவது வேண்டாம்; பேரிங்குகள் மண்ணெண்ணெயில் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. கியர் போய்விட்டதா?

விரலில் தேய்த்துப் பாருங்கள். பசை போல மென்மையாக இருந்தால் வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். ஊசி போன்ற சீவல்கள், பல்லின் துண்டுகள் இருந்தால் கூட்டைத் திறக்க வேண்டும்.

குச்சவெளிக்கு வடக்கே புல்மோட்டைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு மூன்றாவது சாத்தியமும் உண்டு. அந்தக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. அதை மணலிலிருந்து பிரித்தெடுப்பதே காந்தத்தால்தான். வலுவான காந்தம் உள்ள போல்ட்டில் அந்த மணலும் பிடிக்கும். விரலில் நறநறவென்று சிறு மணிகளாக உருண்டால் அது மணல். கியர் உடையவில்லை என்று நிம்மதி அடைய முடியாது, மணல் உள்ளே வந்த வழியைத் தேட வேண்டும்: அச்சு சீல், டிப்ஸ்டிக் (ஒயில் அளவு பார்க்கும் கோல்) வளையம், அல்லது தூசியைத் துடைக்காமல் ஒயில் ஊற்றிய கை.

சிந்தெற்றிக் ஒயில் பழைய வண்டியில் கசியுமாமே?

சிந்தெற்றிக் சீலைத் தின்பதில்லை. ஏற்கெனவே இறுகி வெடித்த சீலின் ஓரத்தில் பழைய கசடு அடைத்துக்கொண்டிருக்கும். நல்ல ஒயில் அந்தக் கசடைக் கரைக்கும்போது ஒளிந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது. நல்ல சீல் உள்ள வண்டிக்குச் சிந்தெற்றிக் தாராளமாக ஊற்றலாம். ஆனால் அடிக்கடி தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்க நான் சொல்வதில்லை. எம்ஏ தரமுள்ள மினரல் ஒயிலை வாங்கி, இரு மடங்கு தடவை மாற்றுங்கள். தண்ணீர் கலந்த பிறகு விலையுயர்ந்த ஒயிலும் கழிவுதான்.

எந்தக் கம்பனி ஒயில்?

எம்ஏ குறியும் சரியான தடிப்பும் சீல் உடையாத மூடியும் இருந்தால் கம்பனி எனக்கு முக்கியமில்லை. உள்ளூர்ப் பெருமைக்காக ஒன்று சொல்கிறேன்: லங்கா ஐஓசி தன் சேர்வோ ஒயிலைக் கலக்கும் ஆலை இந்தத் திருகோணமலையில்தான் இருக்கிறது, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாப் பக்கத்தில். அதனால் ஒயில் நம் ஊருக்கு அந்நியப் பொருள் அல்ல. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றித் தரும் பெயரில்லா ஒயிலை மட்டும் கிளச் வண்டிக்கு வாங்காதீர்கள். அதில் என்ன மருந்து இருக்கிறது என்பதைச் சொல்லும் எழுத்து எதுவும் இல்லை.

அளவை எப்படிப் பார்ப்பது, எப்போது மாற்றுவது?

சமதரையில் நிறுத்தி, சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்து, ஒயில் இறங்கும் வரை பொறுத்துப் பாருங்கள். பல ஹொண்டாக்களில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பின் கூட்டில் பெரும்பாலும் நிரப்பும் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். அதற்கு மேலே திணித்தால் சூட்டில் பிரீதர் வழியே கக்கும்.

கிலோமீற்றர் கணக்கு நம் ஓட்டத்துக்குப் பொருந்தாது, மணலில் மெதுவாக ஓடும் ஒரு மணிநேரம் தார்வீதியின் பல மணிநேரத்துக்குச் சமம். மாரி தொடங்கும் முன் எல்லா அறைகளுக்கும் ஒரு மாற்றம், வாடைக்காற்று ஓய்ந்த பின் இன்னொன்று. வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் இடையிலும் மாற்ற வேண்டும். அச்சு முங்கிய ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்க வேண்டும்.

வடித்த ஒயிலை வேலிக்கட்டைகளுக்குப் பூசலாமா?

கறையானுக்கு நல்லது என்று காலம் காலமாகச் செய்துவருகிறார்கள். மழை அதைக் கழுவிக் கிணற்றுக்கும் களப்புக்கும் கொண்டுபோகிறது. பழைய எஞ்சின் ஒயில் தோலில் ஊறினால் புற்றுநோய்க்கும் வழிவைக்கும். கையுறை போட்டு வடியுங்கள். மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். தண்ணீர் கலந்ததைத் தனிக் கலனில் வைத்து, கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள்.